வானலைகள் யாருக்கு உரியவை?

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென்பகுதியில் அமைந்தது மிசிசிப்பி மாநிலம். அதன் தலைநகரான ஜாக்சனில், 1953 டிசம்பரில் டபிள்யூ.எல்.பி.டி. என்னும் தொலைக்காட்சி நிலையம் தொடங்கப்பெற்றது. லாமார் என்னும் ஆயுள் காப்பீட்டு நிறுவனம் அதனை நடத்திற்று. அதன் ஒளிபரப்புப் பகுதியில் வாழ்ந்தோருள் ஏறத்தாழ 45 விழுக்காட்டினர் கறுப்பின மக்கள். அவர்களுடைய குரலுக்கோ அந்நிலையத்தில் இடமில்லை.

வானலைகள் பொதுமக்களின் உடைமை. உரிமம் பெற்றவர் பொதுநலன் கருதியே அவற்றைப் பயன்படுத்த வேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம். நடைமுறை வேறாக இருந்தது. பின்னாளில் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதியாக உயர்ந்த தர்குட் மார்ஷல், 1955இல் தேசிய நிகழ்ச்சியொன்றில் இனச் சிக்கல் பற்றிப் பேசத் தோன்றினார். நிலையம் வேண்டுமென்றே நிகழ்ச்சியைத் துண்டித்துவிட்டு, கம்பிக் கோளாறு என்று திரையில் அறிவித்ததாகப் புகார் எழுந்தது. நிறப்பிரிவினையை ஆதரித்து ஒளிபரப்பிய நிலையம் மறுப்புரைக்க இடம் தரவில்லை என 1957இல் மற்றொரு புகார் எழுந்தது. ஆயினும் கூட்டரசுச் செய்தித் தொடர்பு ஆணையம் 1959இல் உரிமத்தைப் புதுப்பித்தது.

1963 மே 20 அன்று, உரிமைப் போராட்டத் தலைவர் மெட்கர் எவர்ஸ் நகரத் தலைவருக்கு மறுமொழி கூற அந்நிலையத்தில் வாய்ப்புப் பெற்றார். ஜூன் 12ஆம் நாள் தம் வீட்டு முன்றிலிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். உரிமை பேசுவதற்கு அன்று அந்நகரில் இருந்த விலை அது.

1964இல் ஐக்கிய கிறித்துவத் திருச்சபையைச் சேர்ந்த எவரெட் பார்க்கர் ஒரு வழி கண்டார். மார்ச் மாதத்தில் ஒரு வாரம் முழுதும் நிலையத்தின் ஒளிபரப்பைத் தொண்டர்கள் கண்காணித்துக் குறிப்பெடுத்தனர். பாதுகாப்புக் கருதி அவர்தம் பெயர்கள் மறைக்கப்பட்டன. கறுப்பின மக்கள் எவ்வளவு குறைவாகத் திரையில் தோன்றினர், வெள்ளையர்க்கு வழங்கிய 'திரு', 'திருமதி' என்னும் மரியாதை அவர்களுக்கு எவ்வாறு மறுக்கப்பட்டது என்பனவெல்லாம் முறையீட்டின் பொருளாயின. பெயருக்கு முன் நிற்கும் ஒரு சிறு சொல்லும் மானத்தின் அளவுகோல் என்பதை நம் மக்களுக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை.

ஏரன் ஹென்றி முதலிய மிசிசிப்பித் தலைவர்களும் திருச்சபையும் ஆணையத்தில் முறையிட்டனர். பொருளிழப்போ அலைவரிசை இடையூறோ உற்றவரே வழக்காட இயலும். பார்ப்போர்க்கு அவ்வுரிமை இல்லை என்றது ஆணையம். 1966இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவ்வாதத்தைத் தள்ளிற்று. கேட்போரும் பார்ப்போரும் பொதுநலன் காக்க வழக்குரைக்கலாம் என நீதிபதி வாரன் பர்கர் தீர்ப்பளித்தார். அதன்பின் விசாரணை நடத்திய ஆணையம் மீண்டும் உரிமத்தைப் புதுப்பித்தது. 1969 ஜூனில் நீதிமன்றம் அதனையும் நீக்கியது. முதற்புகார் எழுந்து அப்போது 14 ஆண்டுகள் கழிந்திருந்தன.

1971இல் இலாப நோக்கற்ற அமைப்பொன்று நிலையத்தை ஏற்றது. 1972இல் வில்லியம் டில்டே பொது மேலாளரானார். தென்மாநிலங்களில் தொலைக்காட்சி நிலையமொன்றிற்கு அப்பொறுப்பேற்ற முதல் கறுப்பினத்தவர் அவரே. பின்னர் நெடிய போட்டி விசாரணைக்குப் பிறகு நிலையான உரிமம் பெற்ற நிறுவனத்திற்கு, முறையிட்டவர்களுள் ஒருவரான ஏரன் ஹென்றியே தலைவராக விளங்கினார்.

இளைஞர்களே, இவ்வெற்றியை ஒரு தலைவர் மட்டும் ஈட்டவில்லை. துணிந்து பேசியவர், சட்டம் கற்றவர், பெயர் வெளிவராமல் ஏட்டில் குறித்தவர் ஆகிய அனைவரும் சேர்ந்தே ஈட்டினர். அநீதியைக் கண்டு கொதிப்பது இயல்பு. அதனை நாள், நேரம், சான்று தவறாமல் எழுதி வைப்பதற்கும், மறுக்கப்பட்டபின் மீண்டும் படியேறுவதற்கும் கல்வி வேண்டும். நம் கழகம் இத்தனை ஆண்டுகள் ஊட்டிவரும் கல்வி அத்தகைய பணிக்கும் உரியதாகுக.