ஒரே விளக்கு, மூன்று கடைகள்: இணைய விற்பனை தானியங்கியான வரலாறு



கடந்த தீபாவளிக்குச் சில வாரங்களுக்கு முன்பு என் ஐந்தாம் ஆண்டு வகுப்பில் ஒரு மாணவி முதல் பாடவேளையிலேயே உறங்கி விழத் தொடங்கினாள். இரண்டு நாள் கண்டித்தேன். மூன்றாம் நாள்தான் அருகழைத்துக் காரணம் கேட்டேன். அவள் தந்தையார் கிள்ளானில் பித்தளைப் பூசைப் பொருள்கள் விற்பவர். கடையில் இருக்கும் அதே சரக்கை மூன்று இணையச் சந்தைகளிலும் ஏற்றியிருந்தார். ஒரு சந்தையில் ஒரு விளக்கு விற்றால் மற்ற இரண்டிலும் இருப்பில் ஒன்றைக் குறைத்தாக வேண்டும். அந்தப் பணியை இரவு பதினொரு மணி வரை, ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்துக் குறித்துச் செய்துவந்தவள் இச்சிறுமி. ஒருநாள் அவள் கண்ணயர்ந்த வேளையில், எஞ்சியிருந்த ஒரே குத்துவிளக்கை இரண்டு சந்தைகளில் இருவர் வாங்கிவிட்டனர். ஒருவருக்கு இல்லையென்று சொல்ல நேர்ந்தது. அதற்காகச் சந்தை நிறுவனம் கடைக்குத் தண்டப் புள்ளியும் போட்டது. "அப்பா என்னைத்தான் ஏசுனாரு, டீச்சர்" என்றாள்.

இரவில் சரக்கு எண்ணுவது பிள்ளைக்குரிய பணியன்று என்பதை அவள் தந்தையாரிடம் நேரில் கூறினேன். அவர் சினக்கவில்லை. ஆள் வைக்க வருமானம் போதவில்லை என்றார். இந்த வேலையைக் கணினிகளே தமக்குள் பேசி முடித்துக்கொள்ளும் வழி நெடுநாளாக இருக்கிறது என்று கேள்விப்பட்டிருந்தேன். அது எவ்வாறு தோன்றியது என்று தேடிப் படித்ததன் விளைவே இக்கட்டுரை.

இதன் வேர் இணையத்துக்கும் முற்பட்டது. 1948ஆம் ஆண்டு சோவியத் படை பெர்லின் நகரின் தரைவழிகளை அடைத்தபோது, நேச நாடுகள் உணவையும் நிலக்கரியையும் விமானத்தில் ஏற்றிச் சென்று அந்நகரைக் காத்தன. விமானம் விமானமாகச் சரக்கு வந்து குவிந்தது. ஆனால் ஒவ்வொரு நாட்டுப் படையும் தத்தம் மொழியில், தத்தம் படிவத்தில் பட்டியல் எழுதியது. எட்வர்டு கில்பர்ட் என்னும் அமெரிக்கப் படைவீரர், எல்லாரும் ஒரே வரிசையில் ஒரே முறையில் எழுதும் சரக்குப் பட்டியலை வகுத்தார். அப்படிப்பட்ட பட்டியலைத் தொலையச்சிலும் தொலைபேசியிலும் கூட அனுப்ப முடிந்தது. அவரே பின்னர் 1968இல் அமெரிக்கப் போக்குவரத்து நிறுவனங்கள் கூடி அமைத்த தரவு ஒருங்கிணைப்புக் குழுவுக்கும் வழிகாட்டினார். அதிலிருந்து வளர்ந்ததே மின்னணுத் தரவுப் பரிமாற்றம் எனப்படும் முறை. கொள்முதல் ஆணை, விலைப்பட்டியல் ஆகியவற்றைத் தாளில் அச்சிட்டு மறுமுனையில் மீண்டும் தட்டெழுதாமல், ஒரு கணினி மற்றொரு கணினிக்கு நேரே அனுப்பியது.

நம் அண்டை நாடாகிய சிங்கப்பூர் இம்முறையை ஒரு நாட்டளவில் கைக்கொண்டது பலரும் அறியாத செய்தி. 1989 சனவரியில் அங்கே தொடங்கிய டிரேட்நெட், இறக்குமதி ஏற்றுமதி அனுமதிகளை ஒரே மின்படிவத்தின் வழி வழங்கியது. நாள்கணக்கில் அலுவலகம் அலுவலகமாக அலைந்து பெற்ற அனுமதி நிமிடக்கணக்கில் கிடைத்தது. ஆயினும் இவையெல்லாம் அரசுக்கும் பெருநிறுவனங்களுக்கும் உரியவை. தெருமுனைக் கடைக்காரருக்கு இதில் இடமில்லை.

அவருக்கு இடமளித்தது இணையச் சந்தை. 1995 செப்டம்பரில் பியர் ஒமிடியார் என்னும் நிரலாளர் கலிபோர்னியாவில் தொடங்கிய ஏலத்தளமே பின்னர் இபே ஆயிற்று. அதில் முதலில் விற்றது ஒரு பழுதான லேசர் சுட்டுக்கோல், 14.83 டாலருக்கு. பழுதான பொருளையும் விரும்பி வாங்க ஆளிருந்தது! ஐந்தாண்டுகளில் அதை நம்பிப் பிழைக்கும் சிறுவணிகர்கள் பெருகினர். ஒரு பொருளை ஏற்றுவதற்குப் பக்கம் பக்கமாகப் படிவம் நிரப்ப வேண்டும். நூறு பொருள் என்றால் நூறு முறை.

இணையப் பக்கம் மனிதக் கண்ணுக்காக வரையப்பட்டது. ஆகவே அதை இயந்திரத்தைக் கொண்டு படிக்க விரும்பியோர், மனிதன் பார்ப்பது போலவே பக்கத்தைத் திறந்து, அதிலிருந்து விலையையும் பெயரையும் சுரண்டியெடுக்கும் நிரல்களை எழுதினர். பிட்டர்ஸ் எட்ஜ் என்னும் நிறுவனம் இவ்வாறு இபே தளத்தை நாளொன்றுக்கு ஏறக்குறைய 1,00,000 முறை தட்டியது. இபே வழக்குத் தொடுத்தது. 2000 மே மாதம் கலிபோர்னியாவிலுள்ள கூட்டாட்சி நீதிமன்றம் அச்செயலுக்கு இடைக்காலத் தடை விதித்தது. பிறர் உடைமையில் அத்துமீறுதல் என்னும் பழைய சட்டக் கோட்பாட்டைக் கணினிக்கும் பொருத்திக் காட்டியது. பழஞ்சட்டம் புதுப்பொருளுக்கு இத்தனை கச்சிதமாகப் பொருந்தியது எனக்கு வியப்பளித்தது.

சுவையான செய்தி இனிமேல்தான் வருகிறது. தடை பெற்ற அதே ஆண்டு நவம்பரில் இபே தானே இயந்திரங்களுக்கென்று ஒரு வாயிலைத் திறந்தது. அதுவே ஏ.பி.ஐ. எனப்படும் செயல்நிரல் இடைமுகம். தொடக்கத்தில் உரிமம் பெற்ற சில பங்காளிகளுக்கு மட்டுமே அது கிடைத்தது. அஞ்சலகத்தின் முகப்புச் சாளரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே நுழைந்து பைகளைக் கிளற யாருக்கும் உரிமையில்லை. ஆனால் உரிய படிவத்தில், உரிய அடையாளச் சீட்டுடன் கேட்டால் கேட்டது கிடைக்கும். 'இந்தப் பொருளின் இருப்பு என்ன?', 'இதை நான்காகக் குறை', 'புதிய ஆணைகளைத் தா' என்று கடைக்காரரின் நிரல் கேட்கும். சந்தையின் நிரல் விடையளிக்கும். இடையில் மனிதன் இல்லை. அமேசான் 2002இல் தன் பொருள் விவரங்களை இவ்வாறு பிற நிரல்களுக்குத் திறந்துவிட்டது. விற்பனையாளர்களுக்கென்றே 2009இல் ஒரு தனி இடைமுகத்தையும், 2020இல் அதற்கு மாற்றாக இன்னொன்றையும் கொணர்ந்தது. நம் வட்டாரத்தில் 2012இல் வந்த லசாடாவும் 2015இல் வந்த ஷோப்பியும் இத்தகைய வாயில்களை வைத்திருக்கின்றன.

ஒரு கடையை மூன்று சந்தைகளோடு இணைக்கும் முறை இதுதான். நடுவில் ஒரே இருப்புக் கணக்கு. ஒரு சந்தையில் ஆணை வந்ததும் நடுக்கணக்கில் ஒன்று குறையும். உடனே மற்ற இரண்டுக்கும் புதிய எண் போகும். முகவரிச் சீட்டும் தானே அச்சாகும். இடையிலே சில நொடிகளோ சில நிமிடங்களோ தாமதம் உண்டு. ஆகவே பட்டறிவுள்ள வணிகர்கள் ஒன்றிரண்டு உருப்படிகளைக் கணக்கில் காட்டாமல் வைத்திருப்பார்கள்.

இருப்பைக் குறைக்கத் தெரிந்த நிரல் விலையையும் மாற்றும். இங்கேதான் கணித ஆசிரியர்கள் கவனிக்க வேண்டிய நிகழ்ச்சி ஒன்று உள்ளது. 2011 ஏப்ரலில் மைக்கேல் ஐசன் என்னும் உயிரியலாளரின் ஆய்வகத்து ஆய்வாளர் ஒருவர், ஈயின் வளர்ச்சி பற்றிப் பீட்டர் லாரன்ஸ் எழுதிய ஓர் ஆய்வு நூலை அமேசானில் தேடினார். புதுப்படிகளை விற்றவர் இருவரே. குறைந்த விலை 17 இலட்சம் டாலருக்கு மேல்! நாள்தோறும் உற்றுநோக்கிக் கணக்கிட்டபோது உண்மை புலப்பட்டது. முதல் விற்பனையாளரின் நிரல், போட்டியாளரின் விலையை 0.9983ஆல் பெருக்கித் தன் விலையாக்கிக்கொண்டது. சற்றே மலிவாக இருக்க வேண்டுமாம். இரண்டாமவரின் நிரலோ முதல்வரின் விலையை 1.270589ஆல் பெருக்கியது. கையில் நூல் இல்லாமலே விற்பனைக்கு வைத்து, ஆணை வந்தால் முதல்வரிடம் வாங்கிக் கொடுக்கும் எண்ணமாக இருக்கலாம் என்பது ஐசனின் ஊகம். இவ்விரு எண்களையும் பெருக்கினால் ஏறத்தாழ 1.268. ஒன்றுக்கு மேற்பட்ட எண்ணாதலால் விலை நாளுக்குச் சுமார் 27 விழுக்காடு ஏறிக்கொண்டே போயிற்று. ஏப்ரல் 18ஆம் நாள் அது 2,36,98,655.93 டாலரைத் தொட்டது. மறுநாள் யாரோ கண்டுகொண்டார்கள் போலும், விலை 106.23 டாலருக்கு இறங்கியது. இதை ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கு விழுக்காட்டுக் கணக்காகக் கொடுத்துப் பார்த்தேன். இரண்டு பெருக்கெண்களுள் எதை மாற்றினால் விலை இறங்கும் என்று அவர்களே விவாதித்துக் கொண்டார்கள்.

அந்த ஈ நூலால் யாரும் நட்டப்படவில்லை. 2014 திசம்பர் 12ஆம் நாள் மாலை நேர்ந்தது அப்படியன்று. ரீப்ரைசர் எக்ஸ்பிரஸ் என்னும் விலை மாற்றும் மென்பொருளில் ஏற்பட்ட கோளாற்றால், பிரிட்டனின் அமேசான் தளத்தில் எண்ணற்ற பொருள்கள் ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஒரு பென்னிக்கு விற்றன. கிறிஸ்துமசு நெருங்கும் வேளை. அமேசான் பெரும்பாலான ஆணைகளை நீக்கிவிட்டது. ஆனால் சில பொட்டலங்கள் அதற்குள் கிடங்கை விட்டுப் புறப்பட்டிருந்தன. வீட்டிலிருந்து தொழில் நடத்திய குடும்பங்கள் பல இதில் அடிபட்டன. கையால் விலை எழுதுபவர் ஒரு சீட்டில் பிழை செய்வார். இயந்திரம் ஒரே பிழையை ஆயிரம் சீட்டிலும் எழுதிவிடும்.

கிள்ளான் கடைக்கு வருவோம். அம்மாணவியின் ஒன்றுவிட்ட அண்ணன் ஒருவர், பொலிடெக்னிக்கில் கணினி பயில்பவர், மாதக் கட்டணத்துக்குக் கிடைக்கும் ஓர் இணைப்பு மென்பொருளைப் பொருத்தித் தந்தார். இடைமுகத்தை இணைக்க ஒரு பிற்பகல் போதுமானதாக இருந்ததாம். பெயர்களால்தான் இரண்டு வாரம் இழுத்தது. ஒரே விளக்கு முதற்சந்தையில் 'குத்துவிளக்கு 9 அங்குலம்', இரண்டாவதில் 'பிராஸ் லேம்ப் சிறியது', மூன்றாவதில் மலாய்ப் பெயர். மூன்றும் ஒன்றே என்று இயந்திரத்துக்கு எப்படித் தெரியும்? கில்பர்ட் பெர்லினில் பட்ட அதே தொல்லை! ஒவ்வொரு பொருளுக்கும் ஒரே குறியெண் கொடுத்தால்தான் கணக்கு இணையும்.

அந்தப் பட்டியல் சிறுமியின் நோட்டுப் புத்தகத்தில் ஏற்கெனவே இருந்தது. தன் வசதிக்காக அவள் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு சுருக்கெழுத்தும் எண்ணும் இட்டு, மூன்று சந்தைப் பெயர்களையும் எதிரெதிரே எழுதி வைத்திருந்தாள். அண்ணன் அதை அப்படியே கணினியில் ஏற்றினார். கு-9 என்பது இன்றும் அக்கடையில் ஒன்பது அங்குலக் குத்துவிளக்கின் குறியெண். தந்தையார் தம் பங்குக்கு இரண்டு விதிகளைச் சேர்க்கச் சொன்னாராம்: எப்பொருளிலும் ஒன்றைக் கணக்கில் காட்டாதே, வாங்கிய விலைக்குக் கீழே எதையும் இறக்காதே.

இப்போது அவள் ஆறாம் ஆண்டு. அண்மையில் அந்நோட்டைக் கொணர்ந்து காட்டினாள். முன்பக்கங்களில் எழுத்து முத்து முத்தாக இருந்தது. தீபாவளி வாரத்துப் பக்கங்களில் வரிகள் சரிந்து சரிந்து, ஓரிடத்தில் பேனா கோடாக இழுபட்டு நின்றிருந்தது.