பயணியின் சுமை: படக்கருவி சிறுத்த வரலாறு

நெடும்பயணம் செல்வோர் தாம் கண்டதைப் பிறருக்குக் காட்ட விழைவது இயல்பு. சொல்லாற்றல் உடையோர் பயண நூல் எழுதினர். கைத்திறன் உடையோர் ஓவியம் தீட்டினர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் இவ்விரண்டோடு ஒளிப்படக் கலையும் சேர்ந்துகொண்டது. அன்று தொட்டுப் பயணியின் முன் ஒரு வினா நிற்கிறது: எந்தப் படக்கருவியைச் சுமந்து செல்வது? இவ்வினாவுக்குக் காலந்தோறும் கிடைத்த விடைகளை ஆராய்ந்தால், கருவியின் வளர்ச்சியோடு, படமெடுக்கும் வாய்ப்பு யார் யார் கைக்கு வந்தது என்பதும் புலனாகும்.

1851ஆம் ஆண்டில் ஃபிரடெரிக் ஸ்காட் ஆர்ச்சர் என்னும் ஆங்கிலேயர் ஈரத்தகடு முறையை வெளியிட்டார். கண்ணாடித் தகட்டில் கொலோடியன் என்னும் பசைநீரைப் பூசி, வெள்ளி உப்புக் கரைசலில் தோய்த்து, ஈரம் உலர்வதற்குள் படமெடுத்து, உடனே இருட்டில் கழுவி முடிக்க வேண்டும். சிறிது காலந்தாழ்த்தினாலும் தகடு பயன்படாது. ஆகவே பயணி, படப்பெட்டியோடு கண்ணாடித் தகடுகள், மருந்துப் புட்டிகள், தண்ணீர், இருட்டறைக் கூடாரம் ஆகிய அனைத்தையும் உடன் கொண்டுசெல்ல வேண்டியிருந்தது. வெப்ப நாடுகளில் ஈரம் விரைந்து உலர்ந்ததால் இடர் மேலும் மிகுந்தது.

இத்தகைய சுமையோடு கீழ்த்திசை நாடுகளில் அலைந்தவர்களுள் குறிப்பிடத்தக்கவர் ஜான் தாம்சன். 1837இல் எடின்பரோ நகரில் பிறந்த இவர், 1862இல் சிங்கப்பூர் வந்து சேர்ந்தார். பினாங்கிலும் செபராங் பிறையிலும் பத்து மாத காலம் தங்கிப் படமெடுத்தார். 1866இல் காடு கடந்து சென்று அங்கோர்வாட் கோயிலைப் படம்பிடித்தார். பின்னர்ச் சீனத்திலும் பயணம் செய்தார். இவர் 1875இல் வெளியிட்ட பயண நூலில், பினாங்கில் மதராஸ்காரர் இருவரைப் படம் அச்சிடவும் துணைபுரியவும் பழக்கிக்கொண்டதாகக் குறிப்பிடுகிறார். மனிதக் கை தொடாமல் உருவம் பதியும் இத்தொழிலைப் பேய்த்தொழில் எனக் கருதிச் சீனர் அப்போது ஒதுங்கினர் என்பதே அதற்கு அவர் காட்டும் காரணம். மலாயா மண்ணின் தொடக்ககாலப் படங்களில் தென்னிந்தியர் கைகளின் உழைப்பும் கலந்துள்ளது என்பதை இச்செய்தி உணர்த்துகிறது. எனினும் எதைப் படமெடுப்பது என்று தீர்மானிக்கும் உரிமை அவர்களிடம் இல்லை; அது கருவிக்கு உரியவரிடமே இருந்தது.

சுமை குறையத் தொடங்கியது 1871க்குப் பிறகுதான். அவ்வாண்டில் ரிச்சர்ட் லீச் மாடக்ஸ் உலர்தகடு முறைக்கு வழிகாட்டினார். 1888இல் அமெரிக்கரான ஜார்ஜ் ஈஸ்ட்மன், 'கோடக்' என்னும் சிறு பெட்டியை 25 டாலர் விலையில் விற்பனைக்குக் கொண்டுவந்தார். அதனுள் 100 படங்களுக்குரிய சுருள் இருந்தது. சுருள் முடிந்ததும் பெட்டியையே ராச்செஸ்டர் நகருக்கு அனுப்பிவிடலாம். 10 டாலர் கட்டணத்தில் படங்கள் அச்சிடப்பட்டு, புதிய சுருளோடு பெட்டி திரும்பி வரும். 1900இல் வெளிவந்த 'பிரவுனி' பெட்டியின் விலை ஒரே டாலர். இதனால் வேதியியல் அறியாதவரும் சுமையாட்களை அமர்த்த இயலாதவரும் படமெடுக்கலாயினர். ஆனால் இந்த எளிமைக்கும் ஒரு விலை இருந்தது. முதல் கோடக் தந்த படம் சிறியது, வட்ட வடிவானது. பெரிய தகட்டின் நுட்பம் அதில் இல்லை.

இக்குறையை நீக்க முயன்றவர் ஜெர்மனியின் வெட்ஸ்லர் நகரில் லைட்ஸ் நிறுவனத்தில் பணியாற்றிய ஆஸ்கர் பர்னாக். திரைப்படச் சுருளின் ஒரு சட்டத்தை இரட்டித்து 24க்கு 36 மில்லிமீட்டர் என்னும் அளவை அவர் அமைத்தார். சிறிய சுருளில் பதித்து, பெரிய தாளில் அச்சிடுவது அவர் நோக்கம். 1925இல் லைப்சிக் சந்தையில் அறிமுகமான 'லைக்கா' சட்டைப்பைக்குள் அடங்கியது. படத்தின் தரமும் பெரிதும் தாழவில்லை.

எனினும் தொலைவிலுள்ளதை அருகில் காட்ட வேறொரு வில்லை வேண்டியிருந்தது. வில்லைகள் பெருகப் பெருகப் பயணியின் பை மீண்டும் கனத்தது. இதற்கு விடையாக வந்ததே ஜூம் வில்லை. 1959இல் ஃபோய்க்ட்லெண்டர் நிறுவனம், 36 முதல் 82 மில்லிமீட்டர்வரை மாற்றத்தக்க 'ஜூமார்' வில்லையை வெளியிட்டது. அது பெரியது, கனமானது. 1986இல் பென்டாக்ஸ் நிறுவனம் 35 முதல் 70 மில்லிமீட்டர்வரை எட்டும் வில்லையைக் கைக்கு அடக்கமான தானியங்கிக் கருவிக்குள் பொருத்தியது.

இங்கும் இயற்கையின் விதி குறுக்கிட்டது. ஒளித்துளையின் விட்டம் மாறாமல் வில்லையின் குவியத் தொலைவு மட்டும் இரட்டித்தால், படத்தில் விழும் ஒளி நான்கில் ஒரு பங்காகக் குறையும். சிறிய கருவியில் பெரிய கண்ணாடிக்கு இடமேது? ஆகவே எட்டம் கூடியபோது ஒளி குன்றியது. வெயிலில் தெளிவாக விழுந்த படம், கோயிலின் உள்மண்டபத்திலும் அந்திநேரத் தெருவிலும் மங்கியது. அல்லது கை நடுக்கத்தால் கலங்கியது.

பிலிம் சுருளின் இடத்தை மின்னணு ஒளியுணரி பிடித்த பின்னரும் இவ்விதி மாறவில்லை. 2006இல் பானசோனிக் வெளியிட்ட ஒரு பயணக் கருவி 10 மடங்கு ஜூம் தந்தது; ஆனால் அதன் ஒளியுணரி மிகச் சிறியது. 2012இல் சோனி வெளியிட்ட ஆர்எக்ஸ் 100 என்னும் 240 கிராம் கருவியில், அதனினும் நான்கு மடங்குக்கு மேல் பரப்புள்ள ஒளியுணரி அமைந்தது. ஆனால் அதன் எட்டம் 3.6 மடங்கே. அதிலும் அகலக் காட்சியில் 1.8ஆக இருந்த துளை எண், நெருக்கக் காட்சியில் 4.9ஆக உயர்ந்து ஒளியைக் குறைத்தது. பின்னர்க் கைத்தொலைபேசி பெரும்பாலோரின் படக்கருவி ஆகிவிட்டதால், இத்தகைய கருவிகளின் விற்பனை சுருங்கியது.

இவ்வரலாறு கற்பிக்கும் பாடம் தெளிவானது. சுமைக் குறைவு, நெடிய எட்டம், நிறைந்த ஒளி ஆகிய மூன்றையும் ஒருசேர முழுமையாகத் தரும் கருவி இதுவரை தோன்றவில்லை. ஒன்றைப் பெற மற்றொன்றில் சிறிது விட்டுக்கொடுத்தே ஆகவேண்டும். மரக்கிளையில் அமர்ந்த இருவாட்சிப் பறவையைப் படமெடுக்க விரும்புவோர்க்கு எட்டம் வேண்டும். திருவிழாவின் இரவு ஊர்வலத்தை விரும்புவோர்க்கு ஒளி வேண்டும். மலையேறுவோர்க்குச் சுமைக் குறைவே முதன்மை. ஆகவே விலைப்பட்டியலைப் புரட்டுவதற்குமுன், தான் காண விரும்புவது எது எனப் பயணி தெளிதல் நன்று. தாம்சனுக்குத் துணைநின்ற அவ்விருவருக்கும் அந்தத் தேர்வு வாய்க்கவில்லை. கருவி சிறுத்ததால் அது இன்று எளியவர் கைக்கும் எட்டியுள்ளது. தம் ஊரையும் உழைப்பையும் தம் கண்கொண்டு பதிவுசெய்யும் கடமையும் அதனோடு வந்து சேர்ந்திருக்கிறது.