ஒரு புள்ளி, 2,001 கொயரி

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம், ஒரு கடைக்கு ஆர்டர் பட்டியல் பக்கம் எழுதினேன். ஜாங்கோவில். என் லேப்டாப்பில் பத்து ஆர்டர்தான், பக்கம் பறந்துச்சு. தீபாவளி நேரத்துல லைவ்ல திறக்கவே இல்லை. குடோன்ல பேக்கிங் பண்றவங்க சும்மா நின்னுட்டு இருந்தாங்க. டீம்ல இருந்த அக்கா லாகைத் திறந்து காட்டினாங்க: 2,000 ஆர்டருக்கு 2,001 கொயரி. பட்டியலுக்கு ஒண்ணு, அப்புறம் ஒவ்வொரு ஆர்டரோட கஸ்டமருக்கும் ஒவ்வொண்ணு. லூப்புக்குள்ள ஆர்டருக்கும் கஸ்டமருக்கும் நடுவுல நான் வச்சது ஒரே ஒரு புள்ளி!

அந்தப் புள்ளிக்குப் பின்னாடி பெரிய கதை இருக்கு. 1960-களின் டேட்டாபேஸ்களில் புரோகிராமர் ஒரு பதிவிலிருந்து அடுத்த பதிவுக்குத் தொடர்பைப் பிடிச்சு நடந்தே போகணும். 1973-ல் டூரிங் விருது வாங்கின சார்லஸ் பாக்மன், தன் உரையில புரோகிராமரை வழிகாட்டும் மாலுமியாகவே பார்த்தார். ஐபிஎம்மின் எட்கர் காட் 1970-லேயே வேற வழி சொல்லியிருந்தார்: தரவை அட்டவணைகளா வை, எது வேணும்னு மட்டும் கேளு, எப்படிப் போறதுன்னு டேட்டாபேஸ் பார்த்துக்கும்.

ஜாங்கோ பிறந்தது 2003-ல், அமெரிக்காவின் கான்சாஸில் லாரன்ஸ் நகரப் பத்திரிகை அலுவலகத்தில். ஏட்ரியன் ஹோலோவாட்டியும் சைமன் வில்லிசனும் ஆரம்பிச்சாங்க; 2005 ஜூலையில் ஓப்பன் சோர்ஸ் ஆச்சு. செய்தி வேலையில நேரம் கிடையாது, அதனால புள்ளி வச்சா போதும்ங்கற வசதி வரம்தான். ஆனா தொட்டாத்தான் அது டேட்டாபேஸுக்குப் போகும். லூப்புக்குள்ள தொட்டா, காட் நிறுத்தச் சொன்ன அதே நடைதான். என் கணிப்பு இது, சண்டைக்கு வரலாம்.

'செலக்ட்_ரிலேட்டட்' ஜாயின் போட்டு ஒரே கொயரியில் கஸ்டமரையும் கொண்டுவரும். ஒரு ஆர்டருக்குப் பல பொருள் இருந்தா அது ஆகாது. ஜாயின் போட்டா ஆர்டர் வரிசை பொருளுக்கு ஒரு தடவை திரும்பத் திரும்ப வரும். ரெயில்ஸ் 2008-ல், 2.1 பதிப்பிலேயே, தனித்தனி கொயரியா எடுக்கற வழிக்கு வந்துடுச்சு. ஜாங்கோவில் 'ப்ரீஃபெட்ச்_ரிலேட்டட்' 2012 மார்ச்சில், 1.4-ல்தான் வந்துச்சு. ரெண்டாவது கொயரியில பொருள்களை மொத்தமா எடுத்து, ஜோடி சேர்க்கறதை பைத்தான்லயே முடிச்சுடும். நடுவுல அந்த ஜோடி சேர்க்கற கோடைக் கையாலேயே எழுதினவங்க நிறைய பேர்.

அன்னைக்கு ஒரு வரி சேர்த்தோம், 2,001 ஒண்ணாச்சு. மறுநாள் பொருள் பெயரும் வேணும்னாங்க. ரெண்டாச்சு.