காதைக் கண்டு குலம் கூறலாமா?

நாய்க் காப்பகத்திலிருந்து ஒரு நாயை வீட்டிற்குக் கொண்டுவருவோர் முதலில் எதிர்கொள்ளும் கேள்வி, "இது என்ன சாதி நாய்?" என்பதே. அக்கம்பக்கத்தார் ஆளுக்கொரு விடை பகர்வர். காது நிமிர்ந்திருந்தால் அல்சேஷன் கலப்பு. உடல் நீண்டு கால் குறுகியிருந்தால் டாக்ஸ்ஹண்ட் கலப்பு. நாக்கில் கறுப்புப் புள்ளி கண்டால் சௌ சௌ கலப்பு. நம் தோட்டப்புறங்களில் காது நிமிர்ந்த நாய்க்கெல்லாம் துரை பங்களாவின் அல்சேஷனே பாட்டன் என்று சொல்வது நெடுநாள் வழக்கம். ஒரே ஒரு பங்களா நாய் அத்தனை லயத்து நாய்களுக்கும் மூதாதையாக இருந்திருக்க இயலுமா என்று எவரும் கணக்குப் பார்த்ததில்லை!

இவ்வூகம் வெறும் பொழுதுபோக்காகத் தோன்றலாம். ஆனால், சில நாடுகளில் ஒரு நாய் வாழ்வதும் மாள்வதும் இதனையே பொறுத்திருக்கின்றன. ஆகவே, இவ்வழக்கம் எவ்வாறு தோன்றிற்று, எவ்வளவு நம்பத்தக்கது என்று வரலாற்றின் வழிநின்று நோக்குவது வீண்வேலை ஆகாது.

தொழிலால் வந்த பெயர்கள்

மனிதனோடு நாய் வாழத் தொடங்கிப் பதினாயிரம் ஆண்டுகளுக்கு மேலாகின்றன. ஆயின், 'இனம்' என்று இன்று நாம் கூறும் கருத்து மிக அண்மையில் எழுந்ததாகும். எலிசபெத் அரசியாரின் காலத்து மருத்துவரான ஜான் கேயஸ், இங்கிலாந்து நாய்களைப் பற்றி 1570ஆம் ஆண்டில் இலத்தீன் மொழியில் ஒரு சிறுநூல் வெளியிட்டார். அதில் அவர் நாய்களை வகுத்த முறை கருதத்தக்கது. விலங்கு வேட்டைக்கு ஒன்று, பறவை வேட்டைக்கு ஒன்று, சீமாட்டியர் மடிக்கு ஒன்று, ஆட்டு மந்தைக்கு ஒன்று, காவலுக்கு ஒன்று என்று தொழிலை வைத்தே பெயரிட்டார். கடைப்பட்ட கலப்பு நாய்களென்று அவர் ஒதுக்கியவற்றுள்ளும் தொழில் உண்டு: அடுக்களையில் இறைச்சி வாட்டும் கம்பியைச் சுழற்றுவதற்காகச் சக்கரத்துள் ஓடிய நாய் அவற்றுள் ஒன்று. காதின் வளைவோ வாலின் சுருளோ அவருக்குப் பெரிதாகப் படவில்லை.

பிரெஞ்சு அறிஞர் பூஃபோன் 1755இல் நாய்களுக்கு ஒரு வம்சாவளிப் படமே வரைந்தார். ஆட்டிடையன் நாயை வேராக வைத்து, தட்பவெப்பமும் கலப்பும் மற்ற நாய்களை ஆக்கின என்றார். அது அறிவுக்கூர்மை மிக்க ஊகம், ஆயினும் ஊகமே.

இந்நிலையை மாற்றியது நாய்க் கண்காட்சி. 1859ஆம் ஆண்டு ஜூன் திங்களில் இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் நடந்த கண்காட்சியே இக்காலக் கண்காட்சிகளுக்கு முன்னோடி. அங்கு வந்தவை பாயின்டர், செட்டர் என்னும் இருவகை வேட்டை நாய்கள் மட்டுமே. 1873இல் இலண்டனில் கென்னல் கிளப் தோன்றிற்று. பரிசு கொடுக்க வேண்டுமாயின் அளவுகோல் வேண்டுமன்றோ? எனவே, ஒவ்வோர் இனத்திற்கும் காது இப்படி, வால் இப்படி, உயரம் இவ்வளவு என்று இலக்கணம் எழுதினர். தாயும் தந்தையும் பதிவேட்டில் இருந்தாலன்றிக் குட்டிக்கு அதில் இடமில்லை என்னும் கட்டுப்பாடும் வலுத்தது. தொழிலுக்கு இருந்த இடத்தைத் தோற்றம் பிடித்துக்கொண்டது.

அல்சேஷன் கதையும் அதுவே. ஜெர்மானியப் படை அதிகாரியான மாக்ஸ் வான் ஸ்டெபானிட்ஸ், 1899இல் ஒரு கண்காட்சியில் கண்ட நாயை விலைக்கு வாங்கி, அதற்கு ஹோராண்ட் என்று பெயரிட்டு, புதிய பதிவேட்டில் முதல் எண்ணைக் கொடுத்தார். அவ்வினத்தின் வரலாறு அங்கே தொடங்குகிறது. ஆனால், ஆசியாவிலிருந்து 3,000 ஆண்டுகளுக்கு முன்பே ஆஸ்திரேலியாவை அடைந்துவிட்ட டிங்கோ நாய்க்கும் காது நிமிர்ந்தே நிற்கிறது! ஓநாய்க்கும் அப்படியே. அங்ஙனமிருக்க, நம் லயத்து நாயின் நிமிர்ந்த காதுக்கு 1899இல் பதிவான ஜெர்மன் நாயைத் தேடிப்போவானேன்?

இங்கே ஒரு தருக்கப் பிழை ஒளிந்திருக்கிறது. இனம் தெரிந்தால் உருவத்தை ஓரளவு கூறலாம். உருவம் தெரிந்தால் இனத்தைக் கூறலாம் என்பது அதிலிருந்து பெறப்படாது. காகமெல்லாம் கறுப்பு என்பதால் கறுப்பெல்லாம் காகம் என்று எழுதும் மாணவனுக்கு நாம் மதிப்பெண் கொடுப்பதில்லை.

பார் ஹார்பர் குட்டிகள்

இதனைச் சோதனையால் விளக்கியவர்கள் ஜான் பால் ஸ்காட், ஜான் ஃபுல்லர் என்னும் இரு அமெரிக்க அறிஞர்கள். மெயின் மாநிலத்தின் பார் ஹார்பர் என்னுமிடத்திலுள்ள ஜாக்சன் ஆய்வுக்கூடத்தில், 1940களின் நடுவில் தொடங்கி ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஐந்து இன நாய்களை வளர்த்து ஆராய்ந்து, 1965இல் தம் பெருநூலை வெளியிட்டனர். அவர்கள் கலந்த இரண்டு இனங்கள் ஒன்றற்கொன்று மிகவும் மாறுபட்டவை. ஒன்று, ஆப்பிரிக்காவின் கொங்கோ நாட்டுப் பசெஞ்சி: காது நிமிர்ந்து, வால் சுருண்டு, மயிர் குட்டையாக, அரிதாகவே குரைப்பது. மற்றொன்று காக்கர் ஸ்பேனியல்: காது தொங்கி, மயிர் நீண்டு, சலசலவென்று குரைப்பது.

இவற்றின் குட்டிகள் பாதி பசெஞ்சி, பாதி காக்கர் என்று கண்ணுக்குப் புலப்படும்படி பிறக்கவில்லை. இரண்டையும் ஒவ்வாத வேறொரு நாய் போலவே தோன்றின. அக்குட்டிகளைத் தம்முள் கூட்டிப் பெற்ற அடுத்த தலைமுறையிலோ, ஒரே ஈற்றில் பிறந்தவைகூட ஒன்றுக்கொன்று மாறுபட்டன. பெற்றோரை அறியாத ஒருவரிடம் அவற்றைக் காட்டினால், பசெஞ்சி என்னும் பெயர் அவர் வாயில் வருவதே அரிது.

காரணம் மெண்டல் கண்ட விதியில் அடங்கியுள்ளது. நாய்க்கு 39 இணை குரோமோசோம்கள் உண்டு. மரபணுக்களோ ஏறத்தாழ இருபதாயிரம். ஆனால், நம் கண்ணைக் கவரும் பண்புகளை ஆள்பவை மிகச் சில. நாய்களின் மயிர் நீளம், சுருள், மீசை ஆகியவற்றின் வேறுபாடுகளுட் பெரும்பாலானவற்றை மூன்றே மரபணுக்கள் ஆள்கின்றன என்று 2009இல் வெளிவந்த ஆய்வொன்று காட்டிற்று. டாக்ஸ்ஹண்ட் முதலியவற்றின் குறுங்கால்களுக்கு ஒரே மரபணுவின் கூடுதற் படியே காரணம் என்பதும் அவ்வாண்டிலேயே வெளியாயிற்று. நெடுமயிர் என்பது ஒடுங்கு பண்பு. அதனை மறைவாகத் தாங்கிய இரு குட்டைமயிர் நாய்கள் கூடினால், நான்கில் ஒரு குட்டி நெடுமயிரோடு பிறக்கலாம். அதன் பெற்றோர் இருவரையும் பார்த்தவர்க்கும் அது வியப்பாகவே இருக்கும். ஆக, இருபதாயிரம் பக்க நூலின் அட்டையை மட்டும் பார்த்து ஆசிரியர் யாரென்று சொல்வதை ஒத்தது நம் ஊகம். நாக்குப் புள்ளியும் சௌ சௌவின் தனிச்சொத்து அன்று. வேறு பல இனங்களிலும் அது காணப்படும்.

வல்லுநர் தடுமாற்றம்

"நமக்குத் தெரியாவிட்டால் என்ன, தொழிலறிந்தவர்க்குத் தெரியுமே" என்பார் உளர். கலிபோர்னியாவில் விக்டோரியா வாய்த் என்னும் கால்நடை மருத்துவ அறிஞர் காப்பகங்களிலிருந்து தத்தெடுக்கப்பட்ட 20 நாய்களை ஆராய்ந்து 2009இல் முடிவு வெளியிட்டார். அவற்றுள் 16 நாய்களுக்குக் காப்பகத்தார் குறிப்பிட்ட இனப்பெயரைச் சூட்டியிருந்தனர். மரபணுச் சோதனை முதன்மையாகக் காட்டிய இனங்களுள் ஒன்றாவது அப்பெயரோடு பொருந்தியது 4 நாய்களில் மட்டுமே. பின்னர் அதே நாய்களின் அசைபடங்களைத் தொழில்முறையில் நாய்களோடு பழகும் 900க்கு மேற்பட்டோரிடம் காட்டினார். பாதிப்பேருக்கு மேல் ஒரே இனத்தைச் சொன்னது 7 நாய்களுக்கு மட்டும். அவ்வேழிலும் மூன்றில் சோதனையின் விடை வேறாக இருந்தது!

கண்ணின் பக்கமும் சிறிது நியாயம் உண்டு. அரிசோனா, சான் டியேகோ காப்பகங்களில் 900க்கு மேற்பட்ட நாய்களை லிசா குன்டர் குழுவினர் ஆராய்ந்து 2018இல் வெளியிட்ட முடிவின்படி, பணியாளர் சொன்ன இனங்களுள் ஒன்றாவது நூற்றுக்கு 67 நாய்களின் மரபில் இருந்தது. ஒன்றுக்கு மேற்பட்ட இனங்களைச் சரியாகச் சொன்னது ஏறத்தாழப் பத்தில் ஒரு நாய்க்குத்தான். இனத்தூய்மை உடையவையோ நூற்றுக்கு ஐந்தளவே.

மேலும், அமெரிக்காவில் பொருந்தும் கேள்வி இங்கே பொருந்துமா என்பதும் எண்ணத்தக்கது. 38 நாடுகளிலிருந்து 549 ஊர் நாய்களை எடுத்து ஆராய்ந்த ஓர் ஆய்வு 2015இல் வெளிவந்தது. தென் அமெரிக்கா, பசிபிக் தீவுகள் ஆகியவற்றின் தெரு நாய்கள் பெரும்பாலும் ஐரோப்பிய வழியின. வியட்நாம், இந்தியா, எகிப்து ஆகிய நாடுகளின் ஊர் நாய்களிலோ ஐரோப்பியக் கலப்பு மிகவும் குறைவு. அதாவது, அவை இனங்கள் கலந்து கெட்டுப்போனவை அல்ல. இனங்கள் என்று எவையும் வகுக்கப்படுவதற்கு முன்பிருந்தே வழிவழி வந்தவை. துறைமுகமும் துரைமாரும் மிகுந்த நம் நாடுகளில் சிறிது கலப்பு நேர்ந்திருக்கும், ஐயமில்லை. ஆயினும், அடிமரம் ஆசிய மரமாக இருக்கும்போது, ஐரோப்பிய இனப் பட்டியலை மட்டும் கையில் வைத்திருக்கும் சோதனைக்கூடம், பட்டியலில் உள்ளவற்றுள் நெருங்கியது எதுவோ அதன் பெயரையே எழுதித் தரும். பணம் கொடுத்துச் சோதிப்போர் இதனை நினைவிற் கொள்ள வேண்டும்.

ஊகத்தின் விலை

பிரிட்டனில் 1991ஆம் ஆண்டின் அபாய நாய்ச் சட்டம் பிட் புல் உள்ளிட்ட நான்கு வகைகளைத் தடை செய்தது. நாய் அவ்வகையைச் சேர்ந்ததா என்பதை அங்கே முடிவு செய்வது மரபணு அன்று. தலை, தாடை, மார்பு ஆகியவற்றின் அளவும் தோற்றமுமே. பெற்றோர் வேறு இனத்தவையாயினும் உருவம் ஒத்தால் சட்டம் பற்றும். அன்று என்று மெய்ப்பிக்கும் பொறுப்பும் உரிமையாளர் தலையிலேயே விழுகிறது. 1997இல் திருத்தம் வரும்வரை, இத்தகைய வழக்கில் குற்றம் உறுதியானால் நாயைக் கொல்லாதிருக்க நீதிபதிக்கும் அதிகாரமில்லை. கடிக்கும் நாயைக் கட்டுப்படுத்த வேண்டாமென்று யாரும் கூறார். கடித்ததா என்று கேளாமல் தாடையை அளப்பதுதான் விளங்கவில்லை. 18,000க்கு மேற்பட்ட நாய்களைப் பற்றிய செய்திகளைத் திரட்டி 2022இல் வெளிவந்த ஆய்வு, நாய்க்கு நாய் காணும் குண வேறுபாட்டில் இனத்தால் விளக்கத்தக்கது நூற்றுக்கு ஒன்பது பங்களவே என்று கூறுகிறது.

சட்டம் இல்லாத இடத்திலும் பெயர் கேடு செய்கிறது. குன்டர் குழுவினர் 2016இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வில், பிட் புல் என்று பெயர் சூட்டப்பட்ட நாய்கள், உருவில் அவற்றையே ஒத்து வேறு பெயர் பெற்ற நாய்களைவிட மும்மடங்குக்கு மேற்பட்ட காலம் காப்பகத்தில் காத்துக்கிடந்தன என்று கண்டனர். அட்டையிலிருந்து இனப்பெயரை நீக்கியபின் அவற்றைத் தத்தெடுப்போர் தொகை உயர்ந்தது.

சிங்கப்பூர் வேறு வழி கண்டது. வீவக அடுக்குமாடி வீடுகளில் வளர்க்க இசைந்த சிற்றினங்களின் பட்டியல் ஒன்று உண்டு. நடுத்தர உடற்கட்டுள்ள நாட்டு நாய்க்கு அதில் இடமில்லை. 'சிங்கப்பூர் ஸ்பெஷல்' என்று செல்லப்பெயர் பெற்ற இந்நாய்களுக்காக 2012இல் 'அடோர்' என்னும் திட்டம் தொடங்கப்பட்டது. அதன் கீழ் தத்துப் போகும் நாயின் பாட்டன் யாரென்று எவரும் ஆராய்வதில்லை. தோள் உயரத்தை அளக்கிறார்கள்; கருத்தடை செய்யப்பட்டதா என்று பார்க்கிறார்கள்; சொன்ன சொல் கேட்கப் பழகும் பயிற்சிக்கு அனுப்புகிறார்கள்.