நாற்பது முறை மறுக்கப்பட்ட காலப் பயணம்

உங்கள் அப்பாவும் நீங்களும் ஒரே வகுப்பில் படித்திருந்தால் நண்பர்களாக இருந்திருப்பீர்களா? 'பேக் டு த ஃப்யூச்சர்' படம் பிறந்தது இந்தக் கேள்வியில்தான்.

1980-ல் திரைக்கதை எழுத்தாளர் பாப் கேல் தன் பெற்றோர் வீட்டில் அப்பாவின் பழைய பள்ளி ஆண்டு மலரைப் பார்த்தார். அப்பா அந்தக் காலத்தில் வகுப்பின் மாணவர் தலைவர்! கேலோ தன் பள்ளியில் மாணவர் தலைவர் பக்கமே போனதில்லை. அப்போது எழுந்த கேள்வியை அவரும் இயக்குநர் ராபர்ட் ஜெமெக்கிஸும் கதையாக்கினார்கள். 1985-ல் வாழும் மார்ட்டி என்ற 17 வயதுப் பையன் தவறுதலாக 1955-க்குப் போய்விடுகிறான். அங்கே அவன் அம்மாவாக வேண்டிய பெண் அவனையே விரும்பத் தொடங்க, சிக்கல் ஆரம்பம். அப்பாவையும் அம்மாவையும் சேர்த்து வைக்காவிட்டால் அவன் பிறக்கவே மாட்டான்.

இந்தத் திரைக்கதை 40 முறைக்கும் மேல் நிராகரிக்கப்பட்டது. இளைஞர் படத்துக்கு இது ரொம்பச் சாதுவாக இருக்கிறது என்றார்கள் சிலர். டிஸ்னியோ, தாய் மகனைக் காதலிப்பதா என்று மறுத்துவிட்டது. 1984-ல் ஜெமெக்கிஸின் வேறொரு படம் வெற்றி பெற்ற பிறகுதான், ஸ்பீல்பெர்க் தயாரிப்பில் யூனிவர்சல் நிறுவனம் இதை எடுக்க முன்வந்தது.

முதலில் கால எந்திரமாக எழுதப்பட்டது ஒரு குளிர்சாதனப் பெட்டி! குழந்தைகள் அதைப் பார்த்து வீட்டுப் பெட்டிக்குள் ஏறி மாட்டிக்கொள்வார்களே என்ற பயத்தில், அது டெலோரியன் காராக மாறியது. உச்சக்கட்டமாக எழுதியிருந்த அணுகுண்டுச் சோதனைக் காட்சி செலவு அதிகம் என்று கைவிடப்பட்டது. அதற்குப் பதிலாக வந்ததுதான் மணிக்கூண்டில் மின்னல் விழும் புகழ்பெற்ற காட்சி.

பெரிய சோதனை இனிமேல்தான். எரிக் ஸ்டோல்ட்ஸை நாயகனாக வைத்துப் பல வாரங்கள் படமெடுத்தாகிவிட்டது. நல்ல நடிகர், ஆனால் கதைக்கு வேண்டிய நகைச்சுவை வரவில்லை. 1985 ஜனவரியில் அவரை விலக்கி, மைக்கேல் ஜே. ஃபாக்ஸை வைத்து மறுபடி எடுத்தார்கள். ஃபாக்ஸ் பகலில் தொலைக்காட்சித் தொடர், இரவில் இந்தப் படம் என்று உழைத்தார்.

திரும்பி வராத செலவை நினைத்து அடுத்த முடிவை எடுக்கக் கூடாது என்கிறது வணிகவியல். எழுதுவது எளிது, எடுத்த படச்சுருளைத் தூக்கிப் போடுவது எளிதா? தூக்கிப் போட்டார்கள். ஜூலை 3, 1985 அன்று வெளியான படம், உலக அளவில் அந்த ஆண்டின் அதிக வசூல் படமானது. 2007-ல் அமெரிக்க தேசியத் திரைப்படப் பதிவேட்டிலும் இடம் பிடித்தது.

மார்ட்டி காலத்தில் பின்னோக்கிப் போய்த் திருத்தினான். படத்தை எடுத்தவர்களுக்கு அந்த வசதி இல்லை. அவர்கள் நிகழ்காலத்திலேயே திருத்திக்கொண்டார்கள்!