மோரே: திரும்பிப் போக முடியாதவர்களின் ஊர்

மணிப்பூர் மாநிலத்தின் கடைசி ஊர் மோரே. இம்பாலில் இருந்து சுமார் 110 கி.மீ. அதைத் தாண்டினால் மியான்மர். அங்கே கோபுரத்தோடு ஓர் அங்காள பரமேஸ்வரி கோயில் இருக்கிறது என்று முதலில் படித்தபோது நான் நம்பவில்லை. தமிழ்ச் சங்கமும் இருக்கிறதாம்!

எங்கள் வேலம்பாளையத்துக்கு வெளியூர் ஆட்கள்தான் பனியன் கம்பெனி வேலை தேடி வருவார்கள். அதனாலோ என்னவோ, பிழைக்கப் போன இடத்தில் இருந்து துரத்தப்படுவது எப்படி இருக்கும் என்று நான் யோசித்ததே இல்லை.

கதை பர்மாவில் ஆரம்பிக்கிறது. 1852-இல் கீழ் பர்மா ஆங்கிலேயர் கைக்குப் போன பிறகு ஐராவதி டெல்டாவில் நெல் சாகுபடி பெருகியது. கூலி வேலைக்கும் வியாபாரத்துக்கும் தமிழர்கள் கப்பல் ஏறினார்கள். விவசாயிகளுக்குக் கடன் கொடுத்தவர்களில் முக்கியமானவர்கள் நகரத்தார். 1930-களின் உலகப் பொருளாதார மந்தத்தில் நெல் விலை சரிந்தது. கடனைக் கட்ட முடியாமல் நிலங்கள் கைமாறின. 1930-இல் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் சுமார் 6 சதவீத நிலம்தான் செட்டியார்களிடம் இருந்தது. 1938-இல் சுமார் 25 சதவீதம். காமர்ஸ் படிக்கும் எனக்கு இது அடமானக் கணக்கு. நிலத்தை இழந்தவனுக்கு அப்படித் தெரியுமா? அந்தக் கோபத்தை, ஒரு சென்ட் நிலம்கூட வாங்காத கூலித் தமிழனும் சேர்த்துச் சுமந்தான் என்பதுதான் கொடுமை.

1962-இல் ஜெனரல் நே வின் ஆட்சியைப் பிடித்தார். 1963-இல் வங்கிகள், 1964-இல் கடைகள் அரசுடைமை. அதே 1964 மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவிப்பு. (2016 நவம்பரில் நாமும் இதன் சாயலைப் பார்த்தோம்.) அந்த வருடங்களில் சுமார் 3 லட்சம் இந்தியர்கள் வெளியேறினார்கள். தமிழர்கள் சென்னையில் வந்து இறங்கினார்கள்.

ஆனால் பர்மாவிலேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கு அகதி முகாமில் மனம் ஒட்டவில்லை. சிலர் மணிப்பூர் வரை போய், தரைவழியாக பர்மாவுக்குள் திரும்ப நுழையப் பார்த்தார்கள். 1942-இல் ஜப்பான் படைக்குப் பயந்து இந்தியர்கள் நடந்து வந்த வழிகளில் ஒன்றில், இவர்கள் எதிர்த்திசையில் போனார்கள். பர்மா ராணுவம் விடவில்லை. முன்னால் வழி இல்லை, பின்னால் போக மனம் இல்லை. நின்ற இடம் மோரே!

அவர்களிடம் பெரிய முதல் கிடையாது. பர்மிய மொழி தெரியும், அந்தப் பக்கத்து ஆட்களைத் தெரியும். வியாபாரத்துக்கு அதுவே முதலானது. எல்லைக்கு அப்பால் உள்ள தமு ஊரோடு கொடுக்கல் வாங்கல் வளர்ந்தது. 1994-இல் இந்தியாவும் மியான்மரும் ஒப்பந்தம் போட்டு 22 பொருட்களை அனுமதித்தன. 1995-இல் மோரே வழியாக அதிகாரப்பூர்வ வர்த்தகம் தொடங்கியது.

அதே 1995-இல்தான் குக்கி–தமிழர் மோதலும் நடந்தது. அதன் பிறகு பலர் ஊரை விட்டுக் கிளம்பினார்கள். ஒரு காலத்தில் பல ஆயிரமாக இருந்த தமிழர்கள் சுமார் 3,000 ஆகக் குறைந்தார்கள். 2020 மார்ச்சில் கொரோனாவுக்காக எல்லைக் கதவு மூடப்பட்டது. அடுத்த வருடம் மியான்மரில் மறுபடியும் ராணுவ ஆட்சி.

2023 மே மாதம் மணிப்பூர் கலவரத்தில் மோரேயும் எரிந்தது. சண்டை மெய்தேய்களுக்கும் குக்கிகளுக்கும். தமிழர் வீடுகளும் தப்பவில்லை. சில குடும்பங்கள் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பின... அறுபது வருடம் முன்னால் பெரியவர்கள் வந்து இறங்கிய அதே சென்னைக்கு.