இங்கிலீஷ் தெரியாத டீச்சர் இங்கிலீஷ் நடத்திய கதை

இன்னைக்கு எபிசோடு உருகுவே பத்தி. ஃபுட்பால் பார்க்கிறவங்களுக்கு சுவாரெஸ் ஊருன்னு சொன்னா போதும். மக்கள்தொகை சுமார் 35 லட்சம். நம்ம சென்னை மாநகராட்சியைவிடக் குறைவு.

2007-இல் அந்த நாட்டு அரசு ‘பிளான் செய்பால்’ என்ற திட்டத்தைத் தொடங்கியது. அரசுத் தொடக்கப்பள்ளியில் படிக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு லேப்டாப். 2009-க்குள் நாடு முழுக்கக் கொடுத்து முடித்தார்கள். செய்பால்னா செய்போ மரத்தோப்பு. செய்போதான் அவங்க தேசியப் பூ. நம்ம ஊர் கல்யாண முருங்கைக்கு நெருங்கின சொந்தம்.

சரி, லேப்டாப் வந்துடுச்சு, நெட்டும் வந்துடுச்சு. இங்கிலீஷ் டீச்சர் மட்டும் வரல. உருகுவேயின் மொழி ஸ்பானிஷ். எல்லா அரசுத் தொடக்கப்பள்ளிகளுக்கும் அனுப்பும் அளவுக்கு ஆங்கில ஆசிரியர்கள் நாட்டிலேயே இல்லை. வசதி இருப்பவர்கள் பிள்ளைகளைத் தனியார் பள்ளிக்கோ டியூஷனுக்கோ அனுப்பலாம். மற்ற பிள்ளைகள் என்ன செய்வார்கள்? புதிய ஆசிரியர்களை உருவாக்க ஆண்டுக்கணக்கில் ஆகும். அதுக்குள்ள இந்தப் பசங்க பள்ளிக்கூடத்தையே முடிச்சிடுவாங்க.

2012-இல், பிரிட்டிஷ் கவுன்சிலோடு சேர்ந்து, 20 பள்ளிகளில் ஒரு சோதனை ஓட்டம் தொடங்கியது. அடுத்த ஆண்டே அது விரிவடைந்தது. 4 முதல் 6-ஆம் வகுப்பு வரை வாரத்துக்கு மூன்று ஆங்கில வகுப்புகள். ஒரு வகுப்பில், பெரிய திரையில் ஓர் ஆங்கில ஆசிரியர் வீடியோ கான்ஃபரன்ஸ் வழியாக வருவார். அவர் அர்ஜென்டினாவில் இருக்கலாம், பிலிப்பைன்ஸில்கூட இருக்கலாம். மான்டெவிடியோவில் காலை 10 மணி என்றால் மணிலாவில் இரவு 9.

மீதி இரண்டு வகுப்புகளை யார் நடத்துவது? அந்த வகுப்பின் சொந்த டீச்சர்தான். அவர்களில் பலருக்கு ஆங்கிலம் தெரியாது, அல்லது கொஞ்சம்தான் தெரியும்.

யோசிச்சுப் பாருங்க. வகுப்பில் எல்லாம் தெரிந்தவர் என்று பெயர் வாங்கியவர், தன் மாணவர்கள் முன்னாலேயே தட்டுத்தடுமாறி ஒரு வார்த்தையை உச்சரிக்க வேண்டும். ஆசிரியருக்கு அது சின்ன விஷயம் இல்லை. திட்டம் அவரிடம் கேட்டதும் அதைத்தான்: பசங்களோடு சேர்ந்து நீங்களும் கற்றுக்கொள்ளுங்கள். விரிவான பாடக்குறிப்பு கொடுத்தார்கள். டீச்சர்கள் தனியாக ஆங்கிலம் படிக்க ஆன்லைன் கோர்ஸும் இருந்தது.

திரையில் வருபவருக்கும் சிக்கல் உண்டு. கடைசி பெஞ்சு வரைக்கும் அவரால் நடந்து போக முடியாது. யார் கூச்சப்படுவார், யார் இன்னைக்குச் சாப்பிடாம வந்திருக்கார், எதுவும் தெரியாது. லைன் கட் ஆனால் வகுப்பும் கையை விட்டுப் போகும். அதனால் வாரம்தோறும் இரண்டு ஆசிரியர்களும் பேசித் திட்டமிட வேண்டும் என்பது ஏற்பாட்டின் ஒரு பகுதி. ஒருவரிடம் மொழி இருந்தது, இன்னொருவரிடம் அந்தக் குழந்தைகளைப் பற்றிய அறிவு இருந்தது. இரண்டும் சேர்ந்தால்தான் வகுப்பு.

அதே நாட்டில், ஆங்கில ஆசிரியர் நேரில் நின்று நடத்தும் பள்ளிகளும் இருந்தன. தேர்வு வைத்துப் பார்த்தபோது இரண்டு பக்க முடிவுகளும் பெரிய வித்தியாசமில்லாமல் நெருக்கமாகவே வந்தன.

இதுக்காகத் திரை இருந்தா ஆசிரியர் வேண்டாம்னு முடிவுக்கு வந்துடாதீங்க. கதை சொல்றது நேர் எதிர். திரை ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு டீச்சர் நின்றார். திரை அணைந்த பிறகும் வாரத்தில் இரண்டு வகுப்பைத் தாங்கியது அவர்தான். 2020-இல் கொரோனா வந்து உலகமே அவசரமாக ஆன்லைனுக்கு ஓடியபோது, பல நாடுகள் கருவியைத்தான் முதலில் தேடின. உருகுவேயின் அந்த டீச்சர்களுக்கோ, தெரியாததை மாணவர்கள் முன்னால் கற்றுக்கொண்டே நடத்திய பல வருடப் பழக்கம் கையில் இருந்தது.

“எனக்கும் தெரியாது, வாங்க சேர்ந்து கத்துக்கலாம்”னு உங்களிடம் சொன்ன டீச்சர் யாராவது இருந்தாங்களா? இருந்தா எங்களுக்கு எழுதுங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.